நன்றாக வாசிக்கிற பிள்ளை அறிவியலில் ஏன் தடுமாறுகிறான்?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜமில் ஒரு தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். கதைப்புத்தகம் என்றால் கீழே வைக்க மாட்டான், தமிழ்மொழியில் அடைவு நிலை 5 (உயர்ந்தது 6). ஆனால் அறிவியலிலும் வரலாற்றிலும் படித்தது மறுநாள் நினைவில் இல்லை. கணிதத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரியாகச் செய்கிறான், பிரச்சனைக் கணக்கு, அதாவது வாக்கியமாகக் கொடுக்கும் கணக்கு, வந்தால் மட்டும் தப்புகிறது. இன்னொரு டியூஷன் போடலாமா, இல்லை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் படிவம் 1-இல் எல்லாம் மலாயில்தானே என்பதால் தமிழ்ப் புத்தகங்களைக் குறைத்து இப்போதே மலாய்க்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி, வாசிக்கவும் எழுதவும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறமை மற்ற பாடங்களில் ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான். டியூஷனுக்கு இப்போது அவசரமில்லை, தமிழ் வாசிப்பை நிறுத்தவே வேண்டாம் என்பது என் பதில். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளிகளில் நீண்ட காலம் அறிவியலும் தமிழும் கற்பித்தவன். பிறகு பயிற்சி ஆசிரியர்களோடு வேலை செய்தேன். உங்கள் மகனையோ அவனுடைய பயிற்சிப் புத்தகங்களையோ நான் பார்த்ததில்லை. அதனால் கீழே சொல்வதில் எது அவனுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். அவன் இன்னும் படிக்காத ஒரு அறிவியல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று அவன் சொந்த வார்த்தையில் கேளுங்கள். வாசிக்கும்போதே எழுத்துக் கூட்டித் திணறினால், வரிகளைத் தவறவிட்டால், கதைப்புத்தகத்தில்கூட படங்களை வைத்து ஊகித்துக்கொண்டுதான் போகிறான் என்று தெரிந்தால், அது வேறு விஷயம். அப்போது வகுப்பாசிரியரிடமும் குறைநீக்கல் ஆசிரியரிடமும் பேசுங்கள், தேவையென்றால் அரசாங்க மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். சரளமாக வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடியதும் விழிக்கிறான் என்றால் இந்தப் பதில் அவனுக்கானது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

கதை வாசிப்பதும் அறிவியல் பக்கம் வாசிப்பதும் ஒரே வேலை இல்லை. கதையில் ஒரு வரி புரியாவிட்டாலும் அடுத்த வரி இழுத்துக்கொண்டு போகும். கிணற்றடியில் நின்றது யார் என்று மறந்தாலும் அடுத்த பத்தியில் தெரிந்துவிடும். அறிவியல் பாடநூலில் அந்தச் சலுகை கிடையாது. நான்கு வரியில் மூன்று புதிய கருத்து இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். முதல் வரி புரியாமல் நான்காவது வரிக்குப் போனால் கண் மட்டும்தான் வாசிக்கும். பக்கத்தில் இருக்கும் படமும் அட்டவணையும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, பாடத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. கதைக்குப் பழகிய பிள்ளை படத்தைத் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவில் டிமத்தி ஷானஹன், சிந்தியா ஷானஹன் என்ற இருவர் வரலாற்று அறிஞர்கள், வேதியியலாளர்கள், கணிதவியலாளர்கள் ஆகியோரைத் தங்கள் துறைப் பக்கங்களை வாசிக்க வைத்து, எப்படி வாசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். மூன்று தரப்பும் மூன்று விதமாக வாசித்தன. கணிதம் படித்தவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்று திரும்பத் திரும்ப வாசிக்கிறார். வேதியியலாளர் எழுத்துக்கும் படத்துக்கும் சமன்பாட்டுக்கும் மாறி மாறிப் போகிறார். வரலாற்று அறிஞர் இதை எழுதியது யார், எந்த நோக்கத்தில் என்று முதலில் பார்க்கிறார். நம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், ஆனால் இந்தப் பாடத்தை இப்படி வாசி என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதில்லை. தமிழ்மொழி வேளையில் கருத்துணர் கேள்விகளோடு அது முடிந்துவிடுகிறது.

அறிவியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் பார்த்தது அங்கேதான். அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் உற்றறிதல் (புலன்களால் கவனித்து அறிவது), ஊகித்தல் (அதற்குக் காரணம் நினைப்பது) என்று இரண்டு உண்டு. பிள்ளைகள் இவற்றின் விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் கேள்வியில் இரண்டையும் குழப்பிவிடுவார்கள். ஒரு கிளாஸில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசையில் வைக்கிறோம், கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் நனைகிறது. உன் உற்றறிதலை எழுது என்றால் பாதிப் பேர் “கிளாஸிலிருந்து தண்ணீர் கசிந்தது” என்று எழுதுவார்கள். அது உற்றறிதல் இல்லை, ஊகம். அதுவும் தவறான ஊகம். இதை விளக்கிச் சொல்லித் திருத்துவதைவிட எழுத வைத்துத் திருத்துவது எனக்குப் பலன் தந்தது. ஒரு தாளில் மூன்று வரி, அவ்வளவுதான். முதல் வரியில் கண்ணால் பார்த்தது மட்டும்: கிளாஸின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் இருக்கின்றன. இரண்டாவது வரியில் அதற்கு நான் நினைக்கும் காரணம். மூன்றாவது வரியில், நான் நினைப்பது சரியா என்று எப்படிச் சோதிப்பேன். மூன்றாவது வரிதான் பிள்ளையை உட்கார்ந்து யோசிக்க வைக்கும். கசிந்திருந்தால் உள்ளே இருக்கும் நிறம் வெளியே வர வேண்டுமே என்ற இடத்துக்கு யாராவது ஒருவர் வந்துவிடுவார். சிரப் பண்டோங் கலக்கி ஐஸ் போட்டு வையுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு, வெளியே துளி தெளிவாக இருக்கும். அப்புறம் காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து துளியாகிறது என்று பாடநூல் சொல்லும் வரியை அந்தப் பிள்ளை வேறு கண்ணால் வாசிக்கும்.

இதே கதைதான் கருதுகோளுக்கும். “இது அதிகரித்தால் அது குறையும்” என்ற அச்சைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறோம். அச்சு தேவைதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அச்சில் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போடத் தெரிந்த பிள்ளைக்கு ஆராய்வு புரிந்துவிட்டது என்று நாம் நம்பிவிடக் கூடாது. நீரின் வெப்பநிலை அதிகரித்தால் சீனி கரைய எடுக்கும் நேரம் குறையும் என்று எழுதுகிறான். சரி, இதை உன் பாட்டிக்கு எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். சூடான தண்ணீரில் சீனி சீக்கிரம் கரையும், அதனால்தான் ஐஸ் தேத்தண்ணி போடும்போதுகூட முதலில் சுடுதண்ணீரில் சீனியைக் கலக்குகிறோம் என்று அவன் சொன்னால், அச்சுக்குள்ளே பொருள் இருக்கிறது. நாம் மாற்றுவது, அளப்பது, மாற்றாமல் வைப்பது ஆகிய மூன்றையும் அவன் சாதாரணப் பேச்சில் எழுதிக் காட்டட்டும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற பெயர்களை அதற்குப் பிறகு அந்த வாக்கியங்களின் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் முதலிலும் பொருள் பிறகும் வந்தால் பெயர் மட்டும்தான் நிற்கும்.

பிரச்சனைக் கணக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் என்ற ஆய்வாளர் 1977-இல், பிள்ளைகள் ஒரு பிரச்சனைக் கணக்கைச் செய்யும்போது எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒரு வரிசை வைத்தார்: வாசித்தல், பொருள் புரிதல், கணித வடிவத்துக்கு மாற்றுதல், கணக்கிடுதல், விடையை எழுதுதல். மெல்பர்னில் ஆறாம் ஆண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பிழைகள் கணக்கிடத் தொடங்கும் முன்பே நடந்திருந்தன. உங்கள் மகனுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும் என்கிறீர்கள், அப்படியானால் அவன் சிக்கல் முதல் மூன்று படிகளில் இருக்க வேண்டும். ஒன்று கொடுத்துப் பாருங்கள்: கமலாவிடம் 45 ஸ்டிக்கர்கள் உள்ளன, அது விமலாவிடம் உள்ளதைவிட 12 அதிகம், விமலாவிடம் எத்தனை? பலர் “அதிகம்” என்று பார்த்ததும் கூட்டி 57 என்பார்கள். “மொத்தம்” என்றால் கூட்டு, “மீதம்” என்றால் கழி என்று சொல்லிக்கொடுத்து நாமே இந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறோம். அந்தக் குறுக்குவழி எளிய கணக்குகளில் பலிக்கும், மேலே போகப் போகக் கவிழ்த்துவிடும். 1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் சிறுவர்களிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான சின்னப் பிள்ளைகள் 36 என்று பதில் சொன்னார்கள். அவர்கள் கணக்கை வாசிக்கவில்லை, எண்ணை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள்.

இதற்கு நான் செய்யச் சொல்வது எழுத்து வேலைதான். கணக்கின் கடைசி வரியை, அதாவது கேள்வியை, கையால் மறைத்துவிடுங்கள். மிச்சத்தை வாசித்து, எண்ணே இல்லாமல் நடந்ததை அவன் ஒரு வரியில் எழுதட்டும். “கமலாவிடம் விமலாவைவிட நிறைய இருக்கிறது.” பிறகு இரண்டு பட்டைகள் வரையட்டும், நீளமானது யாருடையது என்று பெயர் போடட்டும். அதற்கு அப்புறம் கேள்வியைத் திறந்து காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவனே ஒரு பிரச்சனைக் கணக்கை எழுதி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், பெரிய சந்தை, ஃபெரி டிக்கெட், தாத்தாவின் வயது, எதை வைத்தாவது. கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கணக்கில் எந்தத் தகவல் வேண்டும், எது வெறுமனே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

வரலாறு நம் பிள்ளைகளுக்கு ஆண்டுப் பட்டியலாகவே போய்ச் சேர்கிறது, அது எனக்கு வருத்தமான விஷயம். பினாங்கையே எடுங்கள். 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் தீவுக்கு வந்தார். 1791-இல் ஒப்பந்தம், கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி (டாலர்). 1800-இல் இன்னொரு ஒப்பந்தம், 10,000 வெள்ளி. இப்படி எழுதி மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மாலையே போய்விடும். இடையில் “ஏனென்றால்”, “அதனால்”, “ஆனாலும்” என்ற சொற்களைப் போட்டு அதையே எழுதச் சொல்லுங்கள். கெடா சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க முன்வந்தார், ஏனென்றால் சயாமின் நெருக்குதலுக்கு எதிராகப் படை உதவி வேண்டியிருந்தது. லைட் தீவில் கொடியேற்றினார், ஆனாலும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பாதுகாப்பு உறுதியைக் கொடுக்கவில்லை. அதனால் சுல்தான் 1791-இல் தீவைத் திரும்பப் பிடிக்கப் படை திரட்டினார், தோற்றார், ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. 1800-இல் நீங்கள் இருக்கும் பெருநிலப் பக்கத்தின் கரையோரமும் கம்பெனிக்குப் போனது, தொகையும் 10,000 ஆனது. ஆண்டுகள் அதே ஆண்டுகள்தான், இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்து, சுல்தானாக இருந்தால் கம்பெனிக்கு என்ன கடிதம் எழுதுவாய், லைட்டாக இருந்தால் மேலிடத்துக்கு என்ன எழுதுவாய் என்று கேளுங்கள். ஐந்து வரி போதும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள் என்பது அந்த ஐந்து வரியில் புரிந்துவிடும். சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் 1991-இல், வரலாற்று அறிஞர்களுக்கும் கெட்டிக்கார மாணவர்களுக்கும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் பார்த்தார். மாணவர்கள் முதல் வரியிலிருந்து நேராக வாசித்தார்கள். அறிஞர்கள் முதலில் எழுதியது யார் என்று பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசிப்புத் திறன் என்று பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பள்ளி குறித்து வைத்திருந்த பிள்ளைகள், பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்களாக இருந்தால், பேஸ்பால் தெரியாத நல்ல வாசகர்களைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு எளிது. அதனால் பாடத்துக்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் காட்டிவிடுங்கள். கடாரம் கொண்டான் என்று ராஜேந்திர சோழனுக்கு வழங்கும் பெயரைக் கேட்டு, கடாரம் என்பது கெடாதான் என்று தெரிந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழைய கெடாவைப் பற்றிய பாடம் அந்நியமாக இருக்காது. கெடாவின் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, புக்கிட் மெர்தாஜமிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரக்கூடிய தூரம்தான். அங்கே இருக்கும் புக்கிட் பத்து பகாட் என்ற பழங்கோயிலின் கல்படியில் ஒருமுறை நின்ற பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எங்கோ ஓர் ஊர் என்று நினைக்காது. போக முடியாவிட்டால் செபராங் ஜெயா பொது நூலகத்தில் அந்தப் பாடத்தைப் பற்றி அவன் வயதுக்கு ஏற்ற புத்தகம் ஒன்றை எடுங்கள், எந்த மொழியில் கிடைத்தாலும் சரி.

இப்போது, எவ்வளவு எழுத வைப்பது, எதை நம்புவது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வெளியே எடுப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. அது கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, ஆனால் அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளிடமும் இது பல முறை உறுதியாகியிருக்கிறது. உங்கள் மகன் இரவு படித்துவிட்டு “தெரியும்மா” என்று சொல்வது பொய்யில்லை, அந்த நேரத்தில் அவனுக்கு உண்மையிலேயே தெரியும். மறுநாள் போய்விடுகிறது. அதனால் இரண்டு மணி நேரம் பாடநூலைத் திறந்து வைத்திருப்பதில் பாதியைக் குறைத்துவிட்டு, படித்த பக்கத்தை மூடி ஆறு ஏழு வரி நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை இன்னொரு முறை, திறக்காமல். கடைசியில் ஒரு வரி கட்டாயம்: இதில் எனக்கு இன்னும் புரியாதது என்ன. அந்த வரியை எழுதப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். திட்டாமல் இருந்தால் எழுதுவார்கள், அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்க அதுவே கேள்வியாகிவிடும்.

எழுதிக் கற்பதற்கும் பலன் இருக்கிறது, ஆனால் மாயம் இல்லை. அறிவியல், சமூகப் பாடம், கணிதம் ஆகியவற்றில் எழுத்தைப் பயன்படுத்தி நடந்த 56 ஆய்வுகளை ஸ்டீவ் கிரஹாமும் உடன் இருந்தவர்களும் 2020-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரிப் பலன் சிறியதுதான், ஆனால் மூன்று பாடங்களிலும் தெரிந்தது. 2004-இல் வந்த இதேபோன்ற இன்னொரு தொகுப்பாய்வில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன: எனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று எழுத வைத்த இடங்களில் பலன் கூடியது, நீண்ட நேரம் எழுத வைத்த இடங்களில் குறைந்தது. எனவே பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கச் சொல்லாதீர்கள். பாடநூலைப் பார்த்து அழகாக எழுதி வைத்த குறிப்புப் புத்தகத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. நிறப்பேனாவால் வரிக்கு வரி கோடு போடுவதற்கும் அதே கதி. சுருக்கி எழுதுவது நல்ல திறமைதான், ஆனால் எதை விடுவது என்று யாராவது பக்கத்தில் இருந்து பழக்கினால்தான் பலன் தரும், “சுருக்கி எழுது” என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை முதல் இரண்டு வரியை நகலெடுத்துவிடும். பள்ளியில் வரையச் சொல்லும் ஐ-திங்க் சிந்தனை வரைபடங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வரைந்தால் நல்லது, பார்த்து வரைந்தால் ஓவியப் பயிற்சிதான். இவன் பார்த்துக் கற்கிற வகை, அவன் கேட்டுக் கற்கிற வகை என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்துவதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2008-இலேயே ஒரு விரிவான மதிப்பாய்வு சொல்லிவிட்டது. அதற்காகப் பணம் கேட்கும் வகுப்புகளுக்குப் போக வேண்டாம்.

கடைசியாக மொழி. உங்கள் பயம் நியாயமானது. இடைநிலைப்பள்ளியில் அறிவியலும் வரலாறும் மலாயில் வரும், இருமொழிப் பாடத்திட்டம் உள்ள பள்ளியென்றால் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் வரும். இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். நல்ல மாணவர்கள் முதல் படிவத்தில் வாயடைத்துப் போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழைக் குறைப்பதால் மலாய் வளரும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆதாரமில்லை. ஜிம் கம்மின்ஸ் என்பவர் கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் தகவல்களை வைத்துக் காட்டியது இது: புதிய மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், ஆனால் பாடநூல் மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். முதல் மொழியில் ஆழமாகக் கற்ற கருத்து இரண்டாம் மொழிக்கு உதவுகிறது என்றும் அவர் சொல்கிறார். எவ்வளவு உதவுகிறது, எந்த வயதில் அதிகம் உதவுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது தானாக நடந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். என் அனுபவத்தில், துளி ஏன் வெளியே வந்தது என்று தமிழில் தெளிவாக விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு மலாயில் சொற்கள்தான் தேவைப்படும். தமிழிலேயே விளக்கத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, விஷயமும் புதிது. இரண்டு மூட்டையை ஒரே தோளில் ஏற்றக் கூடாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேலே சொன்ன ஆறு ஏழு வரிகளைத் தமிழில் எழுதியதும், அதில் முக்கியமான மூன்று நான்கு சொற்களுக்கு மலாய்ச் சொல்லை ஓரத்தில் எழுதட்டும். ஆவியாதலுக்குப் பக்கத்தில் பெஞெஜாத்தான், வெப்பத்துக்குப் பக்கத்தில் ஹாபா. அந்தச் சொற்களை வைத்து இரண்டே இரண்டு மலாய் வாக்கியம் எழுதட்டும், பிழை இருந்தால் இருக்கட்டும். அதோடு கேள்வியில் வரும் ஏவல் சொற்களைப் பழக்குங்கள். ஞாத்தாகான் என்றால் குறிப்பிட்டால் போதும், தெராங்கான் என்றால் காரணத்தோடு விளக்க வேண்டும், பண்டிங்கான் என்றால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தமிழில் கூறுக, விளக்குக, ஒப்பிடுக என்ற மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்து எழுதப் பழகியிருந்தால் இது சிரமமே இல்லை. பல பிள்ளைகள் விஷயம் தெரிந்தும் மதிப்பெண் இழப்பது இங்கேதான்: விளக்கச் சொன்ன இடத்தில் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மலாய்க் கதைப்புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ்ப் புத்தகங்களின் இடத்தைப் பிடுங்காமல். அவனுடைய மலாய் மிகவும் பின்தங்கியிருந்தால், ஆறாம் ஆண்டு முடிவில், படிவம் 1-க்கு முன் மலாயை வலுப்படுத்த ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்புக்குப் போக நேரிடுமா என்று மலாய்மொழி ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அந்த நிலையென்றால் மட்டும் மலாய்மொழிக்கு ஒரு டியூஷன் நியாயமான செலவு. அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் அதே பாடநூலை இன்னொருவர் வாசித்துக் காட்டும் டியூஷனுக்கு மாதம் கொடுக்கும் வெள்ளியை மிச்சப்படுத்துங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாப் பாடத்திலும் தொடங்க வேண்டாம். முதல் மாதம் அறிவியல் மட்டும், வாரத்தில் மூன்று நாள், கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுதும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், அதற்குத் தமிழ்மொழி வேளை இருக்கிறது. இப்போது அவன் என்ன நினைக்கிறான் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். வகுப்பாசிரியரைச் சந்திக்கும்போது “என் மகன் எப்படி?” என்று பொதுவாகக் கேட்காமல், அவன் எழுதிய தாள்கள் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு போய், விளக்கம் எங்கே அறுந்து போகிறது என்று கேளுங்கள். ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் இருக்கலாம், தாள் கையில் இருந்தால் அவரால் ஐந்து நிமிடத்தில் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். ஒரு மாதம் கழித்து முதல் வாரத் தாளையும் கடைசி வாரத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “ஏனென்றால்” என்ற சொல் அவன் வரிகளில் தானாக வரத் தொடங்கியிருந்தால் வரலாற்றுக்குப் போங்கள். வரவில்லையென்றால் அந்தத் தாள்களில் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.